தடுப்பணை பில் கேட்டால் ‘தனிநபர் தகவல்’ என்கிறார்கள். அடுத்து என்ன செய்வது?

ராகிக்களி (தருமபுரி மாவட்டம்):
எங்கள் ஊர் ஓடையில் இரண்டு வருடம் முன்னால் தடுப்பணை கட்டினார்கள். அடுத்த மழையிலேயே அடி அரித்துவிட்டது, தண்ணீர் நிற்பதில்லை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டேன். அணை ஏன் கசிகிறது, எம்-புக் (வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) நகல், ஒப்பந்ததாரர் பில் நகல், இவ்வளவுதான் கேட்டேன். 28-ம் நாள் பதில் வந்தது. முதலாவதற்கு “விளக்கம் அளிக்க இயலாது”. மற்ற இரண்டுக்கும் “பிரிவு 8(1)(ஜே), தனிநபர் தகவல்”. இதோடு முடிந்ததா?

பழைய கிளார்க்:
தம்பி, முதல் கேள்விக்கு அவர்கள் சொன்னது சரிதான். ஏன், எதற்கு என்று கேட்டால் எழுத மாட்டார்கள். ஏற்கெனவே கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும். “தர ஆய்வு அறிக்கை நகல்” என்று கேட்டிருக்க வேண்டும். சீட்டில் இருந்தபோது இப்படிப்பட்ட மனுக்களை நானே ஒரு வரியில் திருப்பியிருக்கிறேன். மற்ற இரண்டை விடாதீர்கள்.

ஊத்தங்கரைக்காரன்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் 8(1)(ஜே) முன்பு மாதிரி இல்லை. அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலனுக்கு ஒரு வழி இருந்தது. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் அமலுக்கும் வந்துவிட்டது. இப்போது எதற்கெடுத்தாலும் ‘தனிநபர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது: வெளியிடுவதில் உள்ள பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடவே பிரிவு 10: வங்கிக் கணக்கு எண், பான் எண்ணை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள் என்று எழுதுங்கள். எம்-புக்கில் நீளம், அகலம், கன மீட்டர் இருக்கும். அதில் யாருடைய அந்தரங்கம் இருக்கிறது?

ராகிக்களி:
மேல்முறையீடு யாருக்கு அனுப்புவது? கடிதத்தில் போடவில்லையே.

பழைய கிளார்க்:
போடாததே ஒரு குறை. 7(8)-ன்படி யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று அவர்களே எழுத வேண்டும். இதையும் மனுவில் சேருங்கள். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள், ‘மேல்முறையீட்டு அலுவலர்’ என்று பதவியைப் போட்டு அதே அலுவலக முகவரிக்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கட்டணம் இல்லை. 30 நாளில், மிஞ்சிப்போனால் 45 நாளில் முடிக்க வேண்டும். அசையாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். மறுத்தது நியாயம் என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு, 19(5).

மாங்கூழ் (காவேரிப்பட்டணம்):
நகலோடு நிற்காதீர்கள். பிரிவு 2(ஜே)-யில் வேலையையே நேரில் ஆய்வு செய்யலாம், சான்றிட்ட மாதிரியும் எடுக்கலாம். எங்கள் தெரு சிமென்ட் சாலைக்கு டேப்போடு போய் நின்றோம், பேச்சே மாறிவிட்டது.

ராகிக்களி:
அந்த ஜே வேறு, இந்த ஜே வேறா! குழப்பிக்கொண்டு மறுபடி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். கடிதம் வந்து 19 நாள் ஆகிறது, ஞாயிறு உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். தர ஆய்வு அறிக்கையை மேல்முறையீட்டிலேயே கேட்கலாமா?

பழைய கிளார்க்:
கூடாது. அதற்குப் புது மனு, இன்னொரு 10 ரூபாய்.