ஸ்விஃப்ட் டீசல், 1.4 லட்சம் கி.மீ: டைமிங் செயின் மாத்தணுமா?

கேள்வி:
2014 ஸ்விஃப்ட், 1.3 மல்டிஜெட் டீசல். 1,40,000 கி.மீ. ஓடியிருக்கு. காலையில முதல் ஸ்டார்ட்ல 3 செகண்ட் கரகரன்னு சத்தம், அப்புறம் நின்னுடுது. செக் இன்ஜின் லைட் எரியலை. ஒரு மெக்கானிக் "லட்சம் தாண்டினாலே டைமிங் மாத்தணும்"ங்கிறார். இன்னொருத்தர் "செயினைத் தொடவே வேணாம்"ங்கிறார். எது சரி?

பதில் 1:
ரெண்டுமே சரியில்லைங்க. கி.மீ. கணக்கு வச்சு மாத்துறது டைமிங் பெல்ட்டைத்தான். இதுல இருக்கிறது செயின்; கிராங்கையும் (பிஸ்டன்கள் சுத்துற தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) இணைச்சு ஒத்துப்போக வைக்கிறது அதுதான். அதோட ஆயுசு ஆயில் கையில இருக்கு. செயின் "நீண்டுடுச்சு"ன்னா இரும்பு நீளலை, கண்ணிகளைக் கோத்திருக்கிற பின்னும் துளையும் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். 100 கண்ணியில ஒவ்வொண்ணும் 0.05 மி.மீ. தேஞ்சாலே மொத்தம் 5 மி.மீ. தொய்வு. டீசல் ஆயில்ல சேர்ற கரி அங்க உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். 10,000 கி.மீ.ல மாத்த வேண்டிய ஆயிலை 15,000 வரை ஓட்டினா முதல்ல அடி வாங்குறது செயின்தான்.

செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் வேலை செய்யறது ஆயில் பிரஷர்ல. ராத்திரி ஆயில் கீழ இறங்கிடும். பிரஷர் ஏறும்வரை செயின், அது ஓடுற பாதையைத் தாங்குற கைடுல அடிக்கும். ஃபில்டர் பகுதியில ஆயில் திரும்பி இறங்காம தடுக்கிற வால்வு போயிருந்தாலும் இதே சத்தம்தான். அதனால முதல்ல மேனுவல்ல சொன்ன கிரேடு ஆயிலும் ஒரிஜினல் ஃபில்டரும் போட்டு 500 கி.மீ. ஓட்டிப் பாருங்க. இன்ஜின் உள்ளைக் கழுவுற ஃப்ளஷ் திரவம் மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க. பெயர்ந்து வர்ற கசடு ஸ்ட்ரெய்னரை (ஆயில் உறிஞ்சுற இடத்துச் சல்லடை) அடைச்சா பிரஷர் இன்னும் குறையும்.

பதில் 2:
லைட் எரியலைன்னாலும் ஸ்கேனர் போடுங்க. பி0016ங்கிற பிழைக் குறியீடு வந்தா கிராங்கும் கேமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலைன்னு அர்த்தம். அந்தக் குறியீடு வந்தாலோ, சூடான இன்ஜின்ல ஐட்லிங்லயும் சத்தம் கேட்டாலோ வண்டியை ஓட்டாதீங்க. கியர்ல போட்டுத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வேணாம். அந்த வெட்டுல தொய்ஞ்ச செயின் பல்சக்கரத்துல ஒரு பல் தாவிடும். தாவினா பிஸ்டன் வால்வுல அடிக்கும், வால்வை அழுத்துற ராக்கர் ஆர்ம் உடையும். செலவு சிலிண்டர் ஹெட் வரைக்கும் போயிடும்.

பதில் 3:
மாத்துறதா முடிவானா செயினை மட்டும் மாத்த விடாதீங்க. டென்ஷனர், கைடுகள், ரெண்டு ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்), முன் ஆயில் சீல் எல்லாம் சேர்த்துப் போடணும். தேஞ்ச பல்லு புதுச் செயினையும் சீக்கிரம் தின்னுடும்.

மார்க்கர்ல கோடு போட்டுக் கழட்டுறவர்கிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க. கிராங்க், கேம் ரெண்டுக்கும் அசையாம நிறுத்துற லாக்கிங் பின் வேணும். மாட்டினதும் பின்னைக் கழட்டிட்டு, இன்ஜின் ஓடுற திசையில கையால 2 முழுச் சுத்து சுத்தி, பின் மறுபடி தானா உட்காருதான்னு பாக்கணும். எதிர்த்திசையில சுத்தினா டென்ஷனர் தளர்ந்துடும்.

செயின் கவர்ல சீலன்ட் (கசிவை அடைக்கிற பசை) 2–3 மி.மீ. பட்டையாப் போதும். அதிகமானா உள்ள பிதுங்கி விழுந்து ஸ்ட்ரெய்னரைத்தான் அடைக்கும். கடைசியா இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழட்டிட்டு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம ஸ்டார்ட்டர் மோட்டரால மட்டும் 5–10 செகண்ட் சுத்தி, டென்ஷனருக்கு ஆயில் போன பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க.