புதுப்பிப்பு: அமெரிக்காவின் யூஜின் நகரில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், வண்டியை எங்கே விடுவது?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆரிகன் பல்கலைக்கழக ஆட்டத்துக்குப் போனால் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டிருந்தேன். "கல்லூரி வளாகத்துப் பக்கம் விட்டுவிட்டு நடந்துவிடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வில்லாமெட் ஆற்றின் மேல் நடைபாலம், அப்புறம் பூங்கா, அதைத் தாண்டினால் ஆட்சன் மைதானம். வழி கேட்கவே வேண்டாம், பச்சை மஞ்சள் சட்டைக் கூட்டமே இழுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்கு மட்டும்தான் அனுமதி. என் துணிப்பையால் வண்டிக்கு ஒரு வெட்டி நடை.

2023 அக்டோபர் 21, வாஷிங்டன் ஸ்டேட்டை ஆரிகன் 38-24 என்று வென்றது. நான் எதிர்பாராதது என்னவென்றால், சுற்றிலும் ஆட்டத்தைவிட, கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பைப் பற்றிய பேச்சுதான் அதிகம். இரண்டு அணிகளும் அப்போது இருந்த பேக்-12 கூட்டமைப்பின் பன்னிரண்டில் பத்து அணிகள் கிளம்பவிருந்தன; வாஷிங்டன் ஸ்டேட் மிஞ்சிய இரண்டில் ஒன்று. ஆரிகன் 2024இல் பிக் டென் என்ற வேறு கூட்டமைப்புக்குப் போனது. பக்கத்து இருக்கையில் வாஷிங்டன் ஸ்டேட் தொப்பி போட்ட பெரியவர், "எங்களை யார் கூப்பிட்டார்கள்?" என்றபடி கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.