மறு: டெப்ரிகேட் – காலாவதியா, ஓரங்கட்டலா?

வணக்கம். நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் 'டெப்ரிகேட்' (deprecate) என்பதற்கு என்ன தமிழ் போடுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> டெப்ரிகேட் ஆன டிரைவர் = காலாவதியான இயக்கி. எல்லா இடத்திலும் இதையே போட்டுவிடலாமே?

எனக்கு ஒப்பவில்லை. காலாவதியான மாத்திரையை யாரும் விழுங்க மாட்டார்கள். டெப்ரிகேட் ஆன இயக்கியோ (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) அன்றைக்கும் முழுசாக வேலை செய்கிறது. இனி இதை நம்பிப் புதிதாக எதுவும் தொடங்காதீர்கள் என்பதுதான் சேதி.

லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய ஐடிஇ (ஹார்டு டிஸ்க்கை இணைக்கும் பழைய முறை) இயக்கிகளைப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கை 'எச்டிஏ' என்று காட்டியவை அவைதான். அவற்றுக்குப் பதிலாக லிப்ஏடிஏ என்ற புதிய இயக்கித் தொகுப்பு வந்ததும் அதே டிஸ்க் 'எஸ்டிஏ' ஆனது. (எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் எச்டிஏ என்றே விட்டுவிட்டு, பூட் ஆகாத கணினி முன்னால் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான்.) அப்புறமும் பல ஆண்டுகள் அந்த இயக்கிகள் கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) கிடந்தன. பிறகு, '2021-இல் இவை நீக்கப்படும், லிப்ஏடிஏவுக்கு மாறுங்கள்' என்று ஓர் எச்சரிக்கை வரி சேர்ந்தது. சொன்னபடியே அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த 5.14 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். எச்சரிக்கை வந்த நாளிலேயே 'காலாவதி' என்று எழுதிவிட்டால், 5.14-இல் நடந்ததற்கு எந்தச் சொல்லைத் தேடுவது?

என் பரிந்துரை 'ஓரங்கட்டு'. பஸ்ஸை ஓரங்கட்டினால் வண்டி எங்கும் போய்விடவில்லை, எஞ்சின்கூட ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பின்னால் வருகிற வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்வார் கண்டக்டர். லிப்ஏடிஏவுக்கு மாறச் சொன்னதும் அதேதான். கெர்னலிலிருந்தே எடுத்துவிட்டால் அதற்கு 'நீக்கு' இருக்கவே இருக்கிறது.

> 'ஓய்வு' என்றால் மரியாதையாக இருக்குமே

ஓய்வு பெற்றவர் நாற்காலியைக் காலி செய்துவிடுவார். இது இன்னும் அதே நாற்காலியில் ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு நிலை உண்டு, அதையும் இத்தோடு குழப்புகிறோம். 2019-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபிளாப்பி இயக்கியை 'ஆர்ஃபன்' (பராமரிக்க ஆளில்லாதது) என்று குறித்தார். அதைப் பராமரித்தவரிடமே ஓடுகிற ஃபிளாப்பி டிரைவ் இல்லை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் யூஎஸ்பி வகை, அவற்றுக்கு இந்த இயக்கி தேவையே இல்லை. ஆனாலும் மெய்நிகர் கணினிகள் (மென்பொருளாலேயே உருவாகும் கணினிகள்) இன்னும் பழைய ஃபிளாப்பியைப் போலி செய்வதால் அதை நீக்கவில்லை. பிறகு வேறொருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். இங்கே 'அநாதை' என்று எழுத மனம் வரவில்லை. 'ஆளில்லா இயக்கி' என்றால் டிரோன் ஞாபகம் வருகிறது. 'கேட்பாரற்ற இயக்கி' எப்படி? பஸ் ஸ்டாண்டில் கிடக்கும் பை மாதிரிதான், யாராவது வந்து என்னுடையது என்றால் சரியாகிவிடும்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. 'ஓரங்கட்டப்பட்டது' பட்டியலின் குறுகிய பத்தியில் அடங்காமல் இரண்டாக உடைகிறது. 'ஓரங்கட்டியது' என்று சுருக்கினால் இயக்கியே யாரையோ ஓரங்கட்டிய மாதிரி தொனிக்கிறது. பெயர்ச்சொல்லாக 'ஓரங்கட்டல்' என்று நிறுத்திக்கொள்ளலாமா? இதற்கு மட்டும் பதில் போடுங்கள், மற்றதை நான் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.