பழைய முதல் பதிப்புகளை நேரில் பார்த்த அனுபவம் (1800-களின் பெண் எழுத்தாளர்கள்)

கோவை வாசகி
லண்டனில் ஒரு நூலகத்தின் வாசிப்பறை. 1811-இல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல், முதல் பாகம். எழுதிய ஜேன் ஆஸ்டின் பெயர் அதில் இருக்காது, 'ஒரு பெண்மணி' என்றுதான் இருக்கும், தெரிந்ததுதான். அதற்குக் கீழே இருந்த வரிதான் இன்னும் உறுத்துகிறது. 'ஆசிரியருக்காக அச்சிடப்பட்டது' என்று போட்டு, அச்சடித்த ரோவொர்த், வெளியிட்ட எகர்ட்டன் இருவர் பெயரும் முகவரியோடு இருக்கின்றன. நஷ்டம் வந்தால் கைக்காசு போட வேண்டியவர் பெயர் மட்டும் இல்லை! அந்தப் பக்கத்தைத் தாண்டி நான் படிக்கவே இல்லை.

மைக்கறை
பெயர் இல்லை என்று ரொம்ப உருக வேண்டாம். 1814-இல் வால்டர் ஸ்காட்டின் 'வேவர்லி'யும் பெயரில்லாமல்தான் வந்தது. நாவலுக்கு அன்றைய வழக்கம் அது. எனக்கு உறுத்தியது வேறு. ஒரு கண்காட்சியில் மேரி ஷெல்லியின் 1818 'ஃபிராங்கன்ஸ்டைன்'. மொத்தமே 500 பிரதி அடித்தது. முன்னுரை, நாவலின் ஆசிரியரே பேசுவது போல இருக்கும், எழுதியதோ அவர் கணவர், கவிஞர் ஷெல்லி. பக்கத்தில் நின்றவர் மனைவியிடம், "அப்படியென்றால் கதையையும் அவர்தான் எழுதியிருப்பார்" என்றார். அதே ஸ்காட்டும் மதிப்புரையில் ஷெல்லிதான் எழுதினார் என்று நினைத்தவர்தான். 200 வருஷமாகியும் அதே பேச்சு.

தென்காசி பாலு
மைக்கறை சார், ஸ்காட் ஏற்கெனவே பேர் வாங்கிய கவிஞர். பெயரை மறைப்பது அவருக்கு விளையாட்டு. ஆஸ்டின் 1803-இல் ஒரு நாவலை கிராஸ்பி என்ற பதிப்பாளருக்கு 10 பவுண்டுக்கு விற்றார், அவர் அச்சிடாமலே வைத்துக்கொண்டார். 1809-இல் புனைபெயரில் கடிதம் போட்டுக் கேட்டால், வேண்டுமானால் அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள் என்று பதில். கையில் காசு வந்து அதை மீட்டது 1816-இல். சாட்டன் கிராமத்தில் ஆஸ்டின் வாழ்ந்த வீட்டில் அவர் எழுதிய மேசையைப் பார்த்தேன். நம் டீக்கடை ஸ்டூலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

பைண்டர் மாமா
நானும் ஒன்று பார்த்தேன், ஆஸ்டினின் 'எம்மா'வின் இரண்டாம் பாகம், ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில். காகிதம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. சரி, இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். கையுறை போடாதீர்கள், கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது, உறையோடு புரட்டினால் ஓரம் கிழியும். தோல் அட்டை பளபளப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அன்று கடையில் வெறும் காகித அட்டையோடுதான் விற்றார்கள், வாங்கியவர் தன் வசதிக்குத் தோல் போட்டுக்கொண்டார். பைண்டர் அப்போது ஓரத்தை வெட்டியிருப்பார், தலைப்புக்கு முந்தைய தாளையும் எடுத்திருப்பார். அதனால் முதலில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். காகிதம் கந்தல் துணியில் செய்தது, எளிதில் பழுக்காது. பழுப்பேறி நொறுங்கினால் பிற்காலத்து மரக்கூழ்க் காகிதமாக இருக்கலாம், சந்தேகப்படுங்கள். மூன்று பாகமும் ஒரே செட்டா என்று பார்க்க...

கோவை வாசகி
மாமா, நாங்கள் யாரும் வாங்கப் போவதில்லை! பாலு, நான் பார்த்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' ஆஸ்டினுக்கு 140 பவுண்டு லாபம் தந்தது. அடுத்த நாவலான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பதிப்புரிமையை 110 பவுண்டுக்கு விற்றதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மைக்கறை
உரிமையைக் கையிலேயே வைத்திருந்தால் மட்டும்? பதிப்பாளர் மர்ரே மூன்று நாவலின் உரிமைக்கு 450 பவுண்டு தருகிறேன் என்றார், ஆஸ்டின் மறுத்துவிட்டார். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்பு நஷ்டத்தில் 'எம்மா' லாபம் கரைந்து, கைக்கு வந்தது 38 பவுண்டு சொச்சம். விற்றிருக்கலாம் என்பதுதான் என் கட்சி.