கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் டெண்டர் விடலாமா? (ஏடிபி கடன், பாதாள சாக்கடை)

மேன்ஹோல்_மணி:
வணக்கம். தமிழ்நாட்டுல ஒரு நகராட்சியில உதவிப் பொறியாளரா இருக்கேன். ஏடிபி (ஆசிய வளர்ச்சி வங்கி) கடன்ல பாதாள சாக்கடைத் திட்டம். டெல்லியில பேச்சுவார்த்தை முடிஞ்சிடுச்சு, கையெழுத்துக்கு இன்னும் நாலு மாசம்ங்கறாங்க. அதுவரைக்கும் டெண்டர் பக்கமே போகக் கூடாதுன்னு ஆபீஸ்ல ஒரே பிடிவாதம். "பணம் வராம டெண்டர் விட்டா ஆடிட்டுக்கு நீயா பதில் சொல்லுவே?"ன்னு கேக்கறாங்க. முன்னாடி வேலை பாத்த ஊர்ல கையெழுத்தாகி ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் முதல் பள்ளமே தோண்டினோம். அதே கதை இங்கயும் நடக்கும்போல.

இப்போதைக்கு மூணு சிக்கல். பிட் டாக்குமெண்ட் (டெண்டர் ஆவணம்) மூணு தடவை போய் மூணு தடவையும் திரும்பி வந்தாச்சு. கழிவுநீரேற்று நிலையத்துக்குப் பாத்து வெச்ச 22 சென்ட், வருவாய்த்துறை அ-பதிவேட்டுல மேய்க்கால்னு (மேய்ச்சல் நிலம்) இருக்கு. ஒரு இடத்துல ரயில் பாதைக்கு அடியில குழாய் போகணும், அதுக்கு மனுவே போடல. எதுல முதல்ல கை வைக்க?

பழைய_ஈஈ:
தம்பி, டெண்டர் விடறது வேற, ஒப்பந்தம் போடறது வேற. கையெழுத்துக்கு முன்னாடியே டெண்டர் விட்டு, மதிப்பீடு வரைக்கும் முடிச்சு வெக்கலாம். அட்வான்ஸ் கான்ட்ராக்டிங்னு ஏடிபி விதியிலயே இருக்கு. அதுக்கு அவங்க முன் ஒப்புதல் வேணும், அவ்வளவுதான். உங்க திட்ட நிர்வாகக் கையேட்டுல (எல்லாரும் 'பேம்'னு சொல்ற அந்தத் தடிப் புத்தகம்) கொள்முதல் அத்தியாயத்தைப் புரட்டுங்க. பெரும்பாலும் அங்கயே எழுதியிருக்கும், யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. அதோட பின்தேதி நிதியும் ஒத்துக்கிட்டிருந்தா, கையெழுத்துக்கு முந்தின 12 மாசத்துல செஞ்ச தகுதியான செலவைக்கூட கடன்ல 20 சதவீதம் வரைக்கும் திரும்ப வாங்கலாம்.

பிட் டாக்குமெண்ட் ஏன் திரும்புதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஐடிபி பகுதியில (டெண்டர் போடறவங்களுக்கான அறிவுரை) யாராவது கை வெச்சாங்களா?

மேன்ஹோல்_மணி:
சார், எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இப்பதான் ஃபைலைத் திறந்து பாத்தேன். ஐடிபியில நேரா அடிச்சு மாத்தியிருக்காங்க. நம்ம வழக்கமான டெண்டர்லேர்ந்து ரெண்டு பத்தி அப்படியே ஒட்டியிருக்கு. ஒண்ணு, குறிப்பிட்ட வகுப்புல பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் மட்டும் கலந்துக்கலாம்னு. இன்னொண்ணு, எல்1-ஐ (குறைஞ்ச விலை கேட்டவரை) கூப்பிட்டு விலை குறைக்கப் பேசலாம்னு. ஓரத்துல சிவப்புல "நீக்கவும்"னு எழுதியிருக்கு. மூணு தடவையும் அதே இடத்துலதான்!

பழைய_ஈஈ:
அதேதான். ஐடிபியும் பொது நிபந்தனையும் அச்சுல இருக்கற மாதிரியே இருக்கணும், ஒரு எழுத்து தொடக் கூடாது. உங்க ஊர் விவரமெல்லாம் பிடிஎஸ்லயும் (டெண்டர் விவரத் தாள்) சிறப்பு நிபந்தனையிலயும்தான் வரணும். எல்1 பேரம் நம்ம 1998 டெண்டர் சட்டத்துல இருக்கு, அந்தப் பழக்கத்துல ஒட்டிடறாங்க. இந்தப் பணத்துல அது எடுபடாது. பதிவு வகுப்பும் அப்படியே, வெளி மாநிலத்துக்காரனைத் தடுக்கற மாதிரி ஆயிடும். வேர்டுல திருத்திட்டே இருக்காதீங்க. புது மாதிரியை இறக்கி பிடிஎஸ்ஸை மட்டும் நிரப்புங்க, ரெண்டே நாள் வேலை.

கணக்குப்பிள்ளை:
ஆடிட் பயத்துக்கு என் பதில். பணம் 'வந்த பிறகு' செலவுங்கறதே இந்தத் திட்டங்கள்ல கிடையாதுங்க. பெரும்பாலும் மாநில பட்ஜெட்லேர்ந்து முதல்ல செலவு பண்ணிட்டு, டெல்லியில இருக்கற வெளிநாட்டு உதவிக் கணக்குத் தணிக்கை அலுவலகம் (சிஏஏஏ) வழியாத்தான் திரும்பக் கேக்கறோம். அதனால நீங்க பாக்க வேண்டியது கையெழுத்துத் தேதியை இல்ல, இந்த வருஷ பட்ஜெட்ல தலைப்பு திறந்து ஒதுக்கீடு இருக்கான்னுதான். அதையும் ஏடிபி ஒப்புதல் கடிதத்தையும் ஃபைல்ல வெச்சுட்டா ஆடிட்ல யாரும் வாய் திறக்க முடியாது. கடன் கிடைக்கும்னு ஏடிபி அதுல உறுதி தராதுங்கறதையும் குறிப்புல ஒரு வரி எழுதிடுங்க.

இன்னொண்ணு. கையெழுத்தாகி 60 நாள் ஆனதும், எடுக்காத தொகைக்கு 0.15 சதவீதம் கமிட்மெண்ட் கட்டணம் ஓட ஆரம்பிச்சிடும். 10 கோடி டாலர் கடனை ஒரு வருஷம் தொடாம வெச்சிருந்தா, சும்மா இருந்ததுக்கே 1,50,000 டாலர். இதை ஆணையர் மேசையில வெச்சுப் பாருங்க.

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். டெண்டரை விட இடத்தையும் ஊராக்களையும் முதல்ல பாருங்கோ. எங்கட யாழ்ப்பாணம் கிளிநொச்சி குடிநீர்த் திட்டத்துக்கு ஏடிபி 2010இலயே கடன் தர ஒத்துக்கொண்டிட்டுது. இரணைமடுக் குளத்தில இருந்து தண்ணி எடுக்கிறதெண்டு திட்டம். கிளிநொச்சி விவசாயிகள் ஒத்துக்கொள்ளேல்லை, அவையளுக்கும் வயல் இருக்குத்தானே. கடைசியில தாழையடியில கடல்தண்ணியைச் சுத்திகரிக்கிறதெண்டு மாத்தி, அதைத் திறக்கவே 2024 ஆகிட்டுது. உங்கட 22 சென்ட் சின்னக் காணிதான், ஆனா பக்கத்தில இருக்கிறாக்களோட கதைச்சனீங்களோ?

பழைய_ஈஈ:
அவர் சொல்றது நூத்துக்கு நூறு. மேய்க்கால் லேசுல நகராது தம்பி. நகராட்சி பேர்லயே வேற துண்டு இருக்கான்னு சர்வேயரோட ஒருநாள் நடந்து பாத்துடுங்க. இடம் கைக்கு வராம அந்தப் பகுதியை ஒப்பந்தத்துல சேத்தா, ஃபிடிக் (சர்வதேச மாதிரி ஒப்பந்தம்) 2.1-ஐக் காட்டி ஒப்பந்ததாரன் காலநீட்டிப்போட செலவும் லாபமும் சேத்துக் கேப்பான், கொடுத்தே ஆகணும். சிக்கல் இல்லாத வார்டுகளை ஒரு பேக்கேஜாப் பிரிச்சு முதல்ல விடுங்க. ஆனா அங்க போடற குழாய் எந்த நிலையத்துல போய் விழும்னு பாத்துப் பிரிங்க. நிலையமே இல்லாம குழாயைப் புதைச்சுட்டு மூணு வருஷம் வேடிக்கை பாத்த ஊர் எனக்குத் தெரியும்.

மேன்ஹோல்_மணி:
'பேம்' கிடைச்சுது, பீரோவுக்கு மேல தூசியோட. நீங்க சொன்ன அத்தியாயத்துல ரெண்டும் இருக்கு, அட்வான்ஸும் பின்தேதியும்! எங்க ஈஈகிட்ட (செயற்பொறியாளர்) காட்டினேன், ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "லெட்டர் போடு"ன்னார். பழைய உரக்கிடங்கு ஓரமா 30 சென்ட் நகராட்சி இடம் இருக்காம், வெள்ளிக்கிழமை அளக்கறோம். ஆனா பக்கத்துல பதினோரு வீடு இருக்கு. பனங்கூடல் அண்ணா, அளக்கறதுக்கு முன்னாடியே போய்ப் பேசிடறேன்.

ரயில்வே மனுவை செக்‌ஷன் இன்ஜினியர்கிட்ட கொடுக்கறதா, நேரா டிவிஷனுக்கா (ரயில்வே கோட்ட அலுவலகம்)?

பழைய_ஈஈ:
டிவிஷனுக்கு. நகலை மட்டும் செக்‌ஷன் இன்ஜினியர் கையில நீங்களே கொண்டு போய்க் கொடுங்க, தபால்ல போடாதீங்க. கூட்டு ஆய்வுக்கு அவர்தான் வரணும்.