எஸ்.எம்.பி.எஸ் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு

குழு: காட்பாடி – ராணிப்பேட்டை வீடு

சனி, இரவு 8:40

தம்பி: அண்ணா, இன்று அப்பாவும் நானும் டவுனுக்குப் போய் கேமிங் கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் வாங்கி வந்தோம். மானிட்டர் இருக்கிறது, மற்றதெல்லாம் 60,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பி: 📷 படம்

நான்: ரைசன் 5 5600 நல்ல பிராசசர், ஆறு கோர். அதை மாற்றாதே. ஆனால் கிராபிக்ஸ் கார்டு இடத்தில் ஜி.டி 730 என்று இருக்கிறதே, கவனித்தாயா?

தம்பி: 4 ஜிபி கார்டு, எல்லா கேமும் ஓடும் என்றார்கள் அண்ணா.

நான்: 4 ஜிபி என்பது கார்டின் மெமரி மட்டும்தான். அது 2014இல் வந்த கார்டு. மொபெட்டில் லாரி டேங்கை மாட்டினால் மொபெட் லாரி ஆகிவிடுமா? நீ விளையாட நினைக்கும் கேமுக்கெல்லாம் ஆர்.எக்ஸ் 6600 கேள். 8 ஜிபி, 1080பி (ஃபுல் எச்.டி) மானிட்டருக்குப் போதும். கண்ணாடிக் கேபினட்டுக்கும் கலர் லைட் விசிறிக்கும் போகிற பணத்தை இந்தப் பக்கம் திருப்பு.

சித்தப்பா: கடைக்காரர் நமக்குப் பழக்கமானவர்தான்பா. வேறு கடைக்குப் போக வேண்டுமா?

நான்: வேண்டாம் சித்தப்பா. பக்கத்துக் கடை இருப்பதே நல்லது. நாளைக்கு ஏதாவது போனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற முடியாது. பட்டியலை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறோம் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி போனாலும் பரவாயில்லை, வாரண்டிக்கு அந்தத் தாள்தான் பேசும்.

தம்பி: ராம் 8 ஜிபி ஒன்று போட்டிருக்கிறார்கள். விலை ஏறிவிட்டதாம். பிறகு ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

நான்: முடிந்தால் இப்போதே 8 ஜிபி இரண்டாக வாங்கு. இரண்டு குச்சி இருந்தால் பிராசசருக்கு இரண்டு பாதை திறக்கும், ஒன்று இருந்தால் ஒரு பாதைதான். மதர்போர்டு பெட்டியில் 'ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி' என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் பார். பழைய ஸ்டாக் என்றால் பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யாமல் இந்தப் பிராசசரை எடுக்காது.

நான்: அப்புறம் எஸ்.எம்.பி.எஸ், அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி, அந்த வரியில் கம்பெனிப் பெயரே இல்லை. 500 வாட் என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பெட்டியின் லேபிளைப் படம் எடுத்தாயா?

தம்பி: இல்லை அண்ணா. அது கேபினட்டோடு சேர்ந்து வருகிறதாம், இலவசம்.

ராணிப்பேட்டை அத்தை: அந்த இலவசம் மட்டும் வேண்டாம் கண்ணா. எங்கள் வீட்டில் மூன்று வருஷம் முன்னால் அப்படித்தான் ஒன்று வாங்கினோம். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்த் திரும்பி வந்த நேரம், டப் என்று ஒரு சத்தம். வயர் கருகின நாற்றம் கூடம் வரை வந்தது. எஸ்.எம்.பி.எஸ் போனதோடு நிற்கவில்லை, போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் பையன் பிராஜெக்ட் எல்லாம் டிஸ்கில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் சாப்பாடே இறங்கவில்லை அவனுக்கு.

சித்தப்பா: எங்களிடம் சொல்லவே இல்லையே அக்கா.

ராணிப்பேட்டை அத்தை: வருத்தத்தில் இருந்தோம் தம்பி, விட்டுவிட்டேன்.

நான்: அந்தப் பழைய எஸ்.எம்.பி.எஸ் இன்னும் இருக்கிறதா அத்தை? இருந்தால் லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

ராணிப்பேட்டை அத்தை: பரணில்தான் கிடக்கிறது. இரு.

ராணிப்பேட்டை அத்தை: 📷 படம்

நான்: தம்பி, இதைப் பெரிதாக்கிப் பார். மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே சின்னக் கட்டத்தில் +12 வோல்ட் வரியில் 18 ஆம்பியர். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். 12ஐ 18ஆல் பெருக்கு.

தம்பி: 216.

நான்: ஆர்.எக்ஸ் 6600 முழு வேகத்தில் 132 வாட் எடுக்கும். 5600 பிராசசர் 76 வரை போகும். இரண்டும் சேர்ந்து 208. மீதி 8 வாட்டில் விசிறி, போர்டு எல்லாம் ஓட வேண்டும். அதுவும் லேபிளில் போட்டது உண்மையாக இருந்தால்தான். கார்டுக்கு 8 பின் பவர் வயர் ஒன்று வேண்டும், இதில் அந்த வயரே இல்லை பார்.

சித்தப்பா: சரிப்பா, புரிந்துவிட்டது. எது வாங்குவது?

நான்: பெயர் தெரிந்த கம்பெனியில் 550 வாட், '80 பிளஸ் பிரான்ஸ் (Bronze)' என்ற, கரண்டை வீணாக்காததற்கான தர முத்திரை போட்டது. பணம் இடித்தால் எஸ்.எஸ்.டியை 1 டிபியிலிருந்து 500 ஜிபியாகக் குறைத்துக்கொள்ளலாம் சித்தப்பா. டிஸ்க் நாளைக்கும் சேர்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸில் மட்டும் குறைக்காதீர்கள்.

சித்தி: மாடி அறையில்தான் வைக்கப் போகிறான். மே மாதம் அங்கே மனுஷரே உட்கார முடியாது. தாங்குமா?

நான்: நல்ல கேள்வி சித்தி. நம் ஊரில் கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுகிறது, அறையே அனல். அதனால்தான் முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினட் வேண்டாம் என்கிறேன். முன்பக்கம் வலை மாதிரி ஓட்டை போட்டது வேண்டும். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைக்கட்டும். மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தூசி தட்டட்டும்.

சித்தி: கரண்ட் போனால்? இன்வெர்ட்டர் இருக்கிறதே.

நான்: இன்வெர்ட்டரில் யூபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஈகோவில் இருந்தால் மாறுகிற நேரத்துக்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம்.

சித்தி: இருக்கிறது. ஈகோ பக்கம்தான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

நான்: சரி சித்தி. கரண்ட் போனால் விளையாட்டைத் தொடர வேண்டாம், சேமித்துவிட்டு அணைக்கட்டும். பேட்டரி மின்விசிறிக்கு இருக்கட்டும்.

ஞாயிறு, காலை 11:25

தம்பி: அண்ணா, கடையில் இருக்கிறோம். கார்டு, ராம், வலை போட்ட கேபினட் எல்லாம் மாற்றித் தந்துவிட்டார். முகம் சுளிக்கவே இல்லை.

தம்பி: 📷 படம்

தம்பி: எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தேன். +12 வோல்ட் வரியில் 45 ஆம்பியர். 540 வருகிறது. 8 பின் வயரும் இருக்கிறது. எடுக்கட்டுமா?

நான்: எடுத்துக்கோ. மானிட்டர் கேபிளைப் போர்டில் சொருகாமல் கார்டில் சொருகு. 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் சொருகினால் படமே வராது.

ராணிப்பேட்டை அத்தை: மாட்டி முடித்ததும் வீடியோ கால் போடு கண்ணா. எங்கள் பையனும் பார்க்க வேண்டுமாம்.