ஆடு வாய் வைக்காத பச்சை

மேய்ச்சல் நிலம் ஒன்றின் 2000 முதல் 2015 வரையிலான நிலவரத்தை, செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலச் சீரழிவைக் கணக்கிடும் ட்ரெண்ட்ஸ்.எர்த்தில் ஓட்டிப் பார்த்தோம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளோடு சேர்ந்து ஓடும் இலவச ப்ளகின். நிலத்தின் விளைதிறன், நிலப்போர்வை, மண்ணிலுள்ள கரிமக் கார்பன் ஆகிய மூன்றில் ஒன்று சரிந்தாலே அந்த பிக்சலைச் சீரழிவுக் கணக்கில் சேர்த்துவிடும். அவ்வளவு கறாரான கருவி. அதிலேயே பெரும்பகுதி 'முன்னேற்றம்' என்று வந்ததும் அறிக்கையை முடித்துவிடலாம் என்றார்கள். களத்துக்குப் போனபோது ஆடு மேய்க்கும் பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். "பச்சைதாங்க. ஆனா ஆடு வாய் வைக்காத பச்சை" என்றார். புல் போன இடமெல்லாம் முள்புதர்! விளைதிறனை மதிப்பிட உதவும் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டின் கணக்கு, செடி விழுங்கும் சிவப்பொளியையும் திருப்பியனுப்பும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிடுவதோடு சரி. அந்தச் செடி எதுவென்று அதற்குத் தெரியாது. பிறகு வறண்ட மாதத்து சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை எடுத்தோம். புல் காய்ந்த பின்னும் பச்சையாக நிற்பது புதர். அதை வைத்தே தனியாகப் பிரித்துவிட்டோம்.

*

எங்கள் குழுவுக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. படம் முழுக்கச் சிவப்பு, அதாவது சீரழிவு. ஆய்வுக் காலத்தின் கடைசி ஆண்டுகளில் மழை பொய்த்திருந்தது, பசுமையின் போக்கைக் காட்டும் கோடு கீழே சாயாமல் என்ன செய்யும்? மழையால் விளக்க முடிந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்த்தபோது சிவப்பில் பெரும்பாலானது மறைந்தது. மறையாமல் நின்றவை கால்நடைகள் தண்ணீர் குடிக்கும் இடங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மிதிபட்டு வெளுத்த மண்வளையம். இதில் ஒரு வேடிக்கை: மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் 250 மீட்டர் பிக்சல் ஒன்று ஆறு ஹெக்டேருக்கு மேல், சின்ன வளையங்கள் அதற்குள் கரைந்தே போயின. அதே இடத்தில் சென்டினல்-2 வைத்திருப்பது 625 பிக்சல். வளையங்களை அதில்தான் எண்ண முடிந்தது.

*

பழைய படங்களில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் இருக்கிறது, 2008 முதல் இலவசம் என்று குஷியாக அள்ளுவோம். லேண்ட்சாட் 7-ல் 2003 மே மாத இறுதியில் ஸ்கேன் கோடுகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் பாகமான ஸ்கேன் கோட்டுத் திருத்தி பழுதானது. அதற்குப் பிந்தைய படங்களில் ஓரங்களை நோக்கி அகலும் வெற்றுக் கீற்றுகள் இருக்கும். நான் சரிபார்த்த ஒரு வரைபடத்தில் 'மண் அரிப்பு' ஒரே சாய்வில், சம இடைவெளியில், மலையையும் ஏரியையும் கடந்து ஓடியது! அது அரிப்பல்ல, அந்தக் கீற்றுகள்தான். 2011 வரை லேண்ட்சாட் 5 ஓடியிருக்கிறது. கிடைக்கிற இடத்தில் அதை எடுங்கள்.